பழைய மீன்தொட்டி: மூன்று நாளில் நாலு கப்பி மீன் செத்துவிட்டன, எங்கே தவறு?

ஈசூன் அம்மா:
வணக்கம். மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள். ஒரு வருடமாக மீன் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் ஒருவர் இரண்டடித் தொட்டியை 30 வெள்ளிக்குக் கொடுத்தார். ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்று மோட்டார் எல்லாம் சேர்த்து. ஸ்பாஞ்ச் சேறும் சகதியுமாக இருந்தது. குழாயடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து, துணிக்கம்பில் இரண்டு நாள் காயவைத்தேன். ஊரில் அப்பா செய்வதுபோல் வாளியில் ஒருநாள் வைத்திருந்த தண்ணீரைத்தான் ஊற்றினேன். மறுநாளே ஆறு கப்பி விட்டோம். இன்று காலைக்குள் நாலு செத்துவிட்டன. மிச்சம் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அழுதுகொண்டே பள்ளிக்குப் போனாள். அவள் வருவதற்குள் ஏதாவது செய்யலாமா?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
தங்கச்சி, விளக்கம் பிறகு. உடனே பக்கத்து மீன்கடையில் ஆன்டி குளோரின், அதாவது குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் மருந்து, வாங்குங்கள். குளோரமைனையும் அமோனியாவையும் சேர்த்துக் கவனிக்கும் என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, மருந்து கலந்த புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இன்று தீனி வேண்டாம்.

ஈசூன் அம்மா:
ஊற்றிவிட்டேன் அண்ணே. இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கி நீந்துகின்றன. ஒருநாள் வைத்த தண்ணீரில் எப்படிக் குளோரின் இருக்கும்?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
அப்பா செய்தது அவர் ஊருக்குச் சரி. வெறும் குளோரின் ஒருநாளில் காற்றில் போய்விடும். சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமைன், அதாவது குளோரினும் அமோனியாவும் பிணைந்தது. வாளியில் வைத்தால் லேசில் போகாது. மலிவான மருந்து குளோரினை மட்டும் பிரித்துவிட்டு அமோனியாவை விட்டுவிடும். அதனால்தான் போத்தலைப் படித்து வாங்கச் சொன்னேன்.

இரண்டாவது விஷயம் அந்த ஸ்பாஞ்ச். நீங்கள் சேறு என்று நினைத்ததில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் தாங்கும். குழாய்த் தண்ணீரும் வெயிலும் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டன. நம் குழாய்த் தண்ணீர் சற்றுக் காரத்தன்மையோடு இருப்பது, வீட்டுச் சூடு, இரண்டும் அமோனியாவின் கடுமையைக் கூட்டும். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். பளிச்சென்று ஆக வேண்டாம்.

புதிதாகப் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை புது மீன் வேண்டாம். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிள்ளித் தீனி போடுங்கள். சோதனைத் திரவம் வாங்கி அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள்.

பொங்கோல் அக்கா:
நான் ஈசூனுக்கு வருகிறேன். என் தொட்டியில் ஓடும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தருகிறேன். தொட்டித் தண்ணீரிலேயே நனைய நனையக் கொண்டுவருவேன், வந்த உடனே உள்ளே போட்டுவிடுங்கள். அதில் பாக்டீரியா இருப்பதால் காத்திருக்கும் வாரக்கணக்கு நிச்சயம் குறையும். இன்னொன்று, தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியை மூடி வையுங்கள். கொசு முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். நம் அடுக்குமாடியில் அது எல்லாருக்கும் ஆபத்து.

ஈசூன் அம்மா:
அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைப் படிவு, ஒரு மூலையில் சிலிக்கோன் லேசாகப் பிரிந்திருப்பது, இவற்றுக்கு என்ன செய்வது?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
படிவு சுண்ணாம்பு உப்பு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதை வெள்ளை வினிகரில் நனைத்த டிஷ்யூவால் துடையுங்கள், உள்ளே சொட்ட விடாதீர்கள். சவர்க்காரம் கூடவே கூடாது.

சிலிக்கோன் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இரண்டடித் தொட்டியில் ஐம்பது கிலோவுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. பிரிந்தது உள்பக்கத்து மேல்பூச்சா, கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள ஒட்டா என்று பாருங்கள். நடுவில் என்றால் மீனை வாளிக்கு மாற்றி, மோட்டாரை அதில் ஓட விடுங்கள். பழைய சிலிக்கோன்மேல் புதியது ஒட்டாது. முழுவதும் சுரண்டித்தான் பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த சிலிக்கோன் மீனுக்கு ஆகாது. ஒரு வாரம் காயவிட்டு, குளியலறையில் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீரோடு தூக்காதீர்கள்.

ஈசூன் அம்மா:
நேற்றே பார்த்தேன், மேல்பூச்சுதான். டிஷ்யூவை ஒட்டி வைத்தேன், ஓர் இரவு முழுக்க ஈரமாகவில்லை.

(மூன்று வாரம் கழித்து)

ஈசூன் அம்மா:
இன்று அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. இரண்டு கப்பியும் நன்றாக இருக்கின்றன. தினமும் சோதனைத் திரவத்தின் வண்ணத்தைப் பார்த்து மகளே நோட்டில் எழுதுகிறாள். கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படிகிறது அண்ணே, பயமா?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
பயமில்லை தங்கச்சி, புதுத் தொட்டியில் வரும் பாசி. துணியால் துடைத்தால் போகும், சில வாரத்தில் வருவதே நின்றுவிடும். இனி வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். இரண்டு கப்பி மட்டும் வாங்கி, ஒரு வாரம் அளவு பார்த்துவிட்டு அடுத்த இரண்டு.