மறு: ‘வோய்ப்’புக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். தொலைபேசிக் குரலை இணையம் வழியாக அனுப்பும் ‘வோய்ப்’ (VoIP) முறைக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு நம் குழுவில் வந்த பரிந்துரைகளைப் பற்றி எழுதுகிறேன். முதலில் இது:

> ‘இணைய நெறிமுறைவழிக் குரல்’ என்பதே மூலச்சொல்லுக்கு முழுமையானது.

முழுமைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இதைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதினால் ஏதோ அசரீரி கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குச் சொல் இந்த வாரமே வேண்டும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோவில் அலுவலக லைனை இணையத்துக்கு மாற்றுகிறோம். அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில்.

‘இணைய அழைப்பு’ நல்ல தமிழ். ஆனால் இங்கே அது ஏற்கெனவே வாட்ஸ்அப் காலுக்குப் போய்விட்டது. “அப்போ வாட்ஸ்அப் நம்பர் குடு தம்பி” என்றுதான் கேட்பார்கள். எங்களுடையது மேசையில் இருக்கும் அதே பழைய போன், 05-இல் தொடங்கும் அதே எண். கூப்பிடுகிறவர் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

‘இணையப்பேசி’ கைப்பேசிக்குத் தங்கை மாதிரி கச்சிதமாக இருக்கிறது. நானும் முதலில் மயங்கினேன். ஆனால் பேசி என்றால் கருவி. கருவி மாறவில்லையே, குரல் போகும் வழிதானே மாறுகிறது? முன்பு செம்புக் கம்பியில் மின்னலையாகவே போனது. இப்போது ஒரு பெட்டி அதைப் பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கிக் கட்டி அனுப்புகிறது. நொடிக்கு 50 பொட்டலம். (பாக்கெட்டுக்குப் ‘பொதி’ என்கிறீர்கள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைக் கட்டி விற்கும் ஊரில் ‘பொட்டலம்’ என்றால் விளக்கமே வேண்டாம்.)

அதனால் என் ஓட்டு ‘இணையவழித் தொலைபேசி’க்கு. கோவிட் காலத்து ‘இணையவழி வகுப்பு’ பாட்டிமார் வரை பழகிய சொல். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும். அந்த ‘வழி’க்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. இடி இடித்துத் தோட்டமே இருண்டாலும் போன் உயிரோடு இருக்கும். புதியதில் பேட்டரி ஏதும் வைக்காவிட்டால், கரண்டு போனதும் மோடம் அணையும், அந்தப் போனிலிருந்து அவசர எண் 999-க்குக்கூட அழைக்க முடியாது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தனியாக இருக்கும் பாட்டி நாளை தன் வீட்டு லைனையும் மாற்றினால், “இது இணையம் வழியா வர்ற போனு பாட்டி, மோடம் செத்தா இதுவும் செத்துடும்” என்று சொல்லைப் பிரித்தே புரியவைத்துவிடலாம். ‘நெறிமுறை’யைப் பிரித்து அவருக்கு என்ன சொல்வது?

ஒன்று பாக்கி. பழைய போனை மோடத்தோடு சேர்க்கும் சின்னப் பெட்டிக்கு ‘பேச்சுமாற்றி’ என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. அண்ணா, எங்கள் ஊரில் பேச்சு மாற்றுகிறவன் என்றால் கடன் வாங்கிய ஆள்! ‘பேசி இணைப்பி’ சரிப்படுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுவேன்.