எங்கள் குடும்பம் குழு: தர்சினியின் கட்டுரை

தர்சினி: ஒரு தொழிற்சாலையை எங்கே கட்டுவது என்று கம்பனிகள் எப்படி முடிவெடுக்கின்றன? நாளைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள் 🙏

குமரன் (அலபாமா): எந்த அரசு கூடக் காசு கொடுக்கிறதோ அங்கே. 1993இல் மெர்சிடிஸ் எங்கள் மாநிலத்துக்கு வந்தது 25 கோடி டாலருக்கு மேல் சலுகை வாங்கிக்கொண்டுதான்.

சித்தப்பா (ஸ்காபரோ): அப்படியென்றால் 2005இல் டொயோட்டா ஏன் கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து வூட்ஸ்டொக்கைப் பிடித்தது? இங்கே மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து கொடுத்தது 12.5 கோடி கனேடிய டாலர். அமெரிக்காவின் தெற்கே சில மாநிலங்கள் அதைப்போல இரண்டு மடங்கு தர நின்றதாக அப்போது செய்தி.

குமரன் (அலபாமா): பிறகு ஏனாம்?

சித்தப்பா (ஸ்காபரோ): மருத்துவக் காசு தம்பி. அந்த நேரம் ஜெனரல் மோட்டர்ஸ் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு காரிலும் 1,500 டாலர் அளவு வைத்தியச் செலவு. வேலை செய்பவர்களுக்கு மட்டுமில்லை, ஓய்வு பெற்றவர்களுக்கும் சேர்த்து.

சித்தப்பா (ஸ்காபரோ): இங்கே அது எல்லோருடைய வரியிலும் போகிறது. கம்பனி கட்டும் சுகாதார வரி சம்பளத் தொகையில் கூடிப்போனால் 1.95%. நான் 22 வருடம் கார் பார்ட்ஸ் கம்பனியில் நின்றேன். யூனியன் பேச்சுவார்த்தையில் பல்லுக்கும் கண்ணாடிக்கும் மருந்துக்கும்தான் சண்டை. ஆஸ்பத்திரி பற்றிய கதையே வராது.

பெரியம்மா: என் பல்லை இன்னும் கட்டவில்லை.

தர்சினி: படிப்பு? ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாததால் அலபாமாவில் படம் காட்டித்தான் வேலை பழக்குகிறார்கள் என்று கனடாவின் கார் உதிரிப்பாகச் சங்கத் தலைவர் அப்போது சொன்னாராமே.

குமரன் (அலபாமா): அது வாய்க்கொழுப்பு. இங்கே 1971இலிருந்து ஏஐடிடி என்று மாநிலத்தின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கம்பனிக்காக ஆள் தேர்ந்து, பழக்கி, இலவசமாகக் கொடுக்கிறது.

தர்சினி: அண்ணா, அதுவும் சித்தப்பா சொல்வதைப் போலத்தானே? அங்கே ஆள் பழக்கும் செலவை அரசு எடுத்தது, இங்கே ஆஸ்பத்திரிச் செலவை எடுத்தது.

சித்தப்பா (ஸ்காபரோ): கெட்டிக்காரி. இன்னொன்று, இங்கே ஒன்ராறியோவிலேயே கேம்பிரிட்ஜில் 1988இலிருந்தே டொயோட்டா ஓடுகிறது. வூட்ஸ்டொக்கிலிருந்து 401 நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம். புது ஆட்களுக்கு வேலை காட்டப் பழைய ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

குமரன் (அலபாமா): சரி, 2007இல் அதே டொயோட்டா மிசிசிப்பிக்கும் போனதே. அங்கே என்ன இலவச ஆஸ்பத்திரியா?

சித்தப்பா (ஸ்காபரோ): ஓம், அதையும் எழுது தர்சினி. வாங்குகிற சனம் அங்கேதானே கூட, யூனியனும் குறைவு. ஒரே காரணம் என்று எழுதினால் மார்க்ஸ் வெட்டுவார்கள்.

குமரன் (அலபாமா): உண்மையைச் சொன்னால், சின்னவள் பிறந்த பில்லை இன்னும் தவணையில் கட்டுகிறேன். இன்சூரன்ஸ் இருந்தும்.

தர்சினி: அண்ணா, அந்தப் பில்லைப் படம் எடுத்துப் போடுங்கள். பெயரை மறைத்துக் கட்டுரையில் சேர்க்கிறேன்.

பெரியம்மா: பிள்ளை பிறந்த கணக்கையெல்லாம் ஊருக்குக் காட்டாதே, கண்ணூறு படும்.