ரூட் பட்டனை அழுத்திய பிறகு: மாடல் ரயிலில் டிசிசி பாயிண்ட் அனுபவங்கள்

வீட்டில் மாடல் ரயில் ஓட்டும் மலேசிய நண்பர்கள் சிலர் எழுதியது. டிசிசி என்றால் தண்டவாளக் கரண்டோடு கட்டளையையும் சேர்த்து அனுப்பும் டிஜிட்டல் முறை, பாயிண்ட் என்றால் தண்டவாளம் பிரியும் இடம், ரூட் என்றால் ஒரு பாதைக்கு வேண்டிய பாயிண்ட்களை ஒரே பட்டனில் மாற்றுவது.

பகாவிலிருந்து:

என் லேஅவுட் (மாடல் ரயில் அமைப்பு) கிம்மாஸ் ஜங்ஷனைப் பார்த்துச் செய்தது. பகாவ்காரன் வேறு எதைச் செய்வான்? 1910-இல் எங்கள் ஊருக்கு வந்து, 1931-இல் தும்பாட் வரை முழுசாக முடிந்த கிழக்குக்கரைப் பாதை பிரிவதே அங்கேதானே. ஸ்கேல் 1:150, தண்டவாளம் 9 மி.மீ., ஜப்பான் சாமான். மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் மீட்டர் கேஜுக்கு (ஒரு மீட்டர் அகலப் பாதை) கணக்குப்படி 6.67 மி.மீ. வரவேண்டும், தயவுசெய்து யாரும் ஸ்கேலோடு வந்து அளக்க வேண்டாம்.

யார்டில் (வண்டிகளை நிறுத்தும் இடம்) ஐந்து லைன், அதன் நுழைவில் வரிசையாக நாலு பாயிண்ட். மூன்றாம் லைனுக்கு வண்டி போக வேண்டுமானால் 1, 2 நேராகவும் 3 திரும்பியும் இருக்க வேண்டும், ஐந்தாம் லைனுக்கு நாலும் நேர். கைக் கன்ட்ரோலரில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முகவரி அடித்து மாற்றுவதற்குள் இஞ்சின் யார்டு வாசலுக்கே வந்துவிடும். அதனால் ஜேஎம்ஆர்ஐ போட்டேன். இலவச மென்பொருள், பழைய லேப்டாப்பே போதும். ரூட் டேபிளில் லைனுக்கு ஒரு ரூட், அதற்குள் எது க்ளோஸ்டு (நேர்), எது த்ரோன் (திரும்பியது) என்று குறித்துவிட்டால் ஒரே பட்டனில் வேலை முடிந்தது. காயில் பாயிண்ட் (மின்காந்தச் சுருள் ஒரே தட்டில் தள்ளுவது) வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் விடுங்கள், அதற்குக் கரண்ட் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் மறுபடி சார்ஜ் ஆவதற்குள் அடுத்த கட்டளை போனால் பாயிண்ட் பாதியில் நின்றுவிடும். என் யார்டில் எல்லாமே செர்வோ (மெதுவாகத் திருப்பும் சின்ன மோட்டார்), அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அங்கிள் இருக்கிறார், ரயில்வேயில் சிக்னல் கேபின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு வந்தவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே லேஅவுட் அறைக்குள் நுழைந்துவிட்டார். நான் பெருமையாக ரூட் 3-ஐ அழுத்திக் காட்டினேன், திரையில் பாதை முழுக்கப் பச்சை. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பல்குச்சியை எடுத்து முனையை ஒடித்து, இரண்டாம் பாயிண்டில் பிளேடு (பாயிண்டில் நகரும் தண்டவாளத் துண்டு) விலகியிருந்த பக்கம், பிளேடுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் சொருகினார். “இப்ப ரெண்டாவது லைனுக்குப் போடு தம்பி.”

போட்டேன். செர்வோ உறுமியது, பிளேடு ஒட்டாமல் நூல் இடைவெளியில் நின்றது, திரையில் அதே பச்சை. வண்டியை விட்டதும் முன் போகி (சக்கரத் தொகுதி) ஒரு பக்கம், பின் போகி இன்னொரு பக்கம். “எங்க கேபின்ல பாயிண்ட் முழுசா ஒட்டலன்னா சிக்னல் லீவர் இழுத்தாலும் வராது. உன் கம்ப்யூட்டர்கிட்ட யாரு வந்து சொன்னா மாறிடுச்சுன்னு?”

யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம். பாயிண்ட்டை ஆட்டும் சாதாரண ஆக்சசரி டிகோடருக்குப் போகும் டிசிசி கட்டளை ஒருவழிப் பேச்சு. கமாண்ட் ஸ்டேஷன் (கட்டளையைத் தண்டவாளத்தில் ஏற்றும் பெட்டி) அனுப்பிவிடும், டிகோடருக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் மோட்டார் ஓடியதா, ஓடியும் பிளேடு ஒட்டியதா, எதுவும் அதே வழியில் திரும்பி வராது. நாம் எதை அனுப்பினோமோ அதைத்தான் திரை நமக்கே திருப்பிக் காட்டுகிறது.

இப்போது யார்டு பாயிண்டுக்கு ரெண்டு ரெண்டு மைக்ரோஸ்விட்ச் (லேசாகத் தொட்டாலே கிளிக் ஆகும் சின்ன ஸ்விட்ச்). அந்தச் செய்தி லோகோநெட் (மாடல் ரயில் சாதனங்கள் தகவல் பரிமாறும் இணைப்பு) மாதிரி தனி ஒயரில் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஜேஎம்ஆர்ஐயில் பாயிண்டின் ஃபீட்பேக்கை டூ சென்சார் என்று மாற்றினால், பிளேடு போய்ச் சேரும்வரை இன்கன்சிஸ்டன்ட் (இன்னும் ஒத்துவரவில்லை) என்றுதான் காட்டும். ரூட்டிலேயே அலைன்டு சென்சார் என்று ஒரு கட்டம் உண்டு, பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்த ரூட்டின் பாயிண்ட் எல்லாம் சொன்ன இடத்துக்கு வந்தால்தான் அது ஆக்டிவ் ஆகும். என் யார்டு சிக்னல் அதைப் பார்த்துத்தான் பச்சை போடுகிறது.

ஸ்விட்சை எங்கே வைப்பது என்பதிலும் அங்கிள் விடவில்லை. செர்வோவின் கையில் வைப்பது சுலபம், ஆனால் நடுவில் இருக்கும் கம்பி வளைந்து கொடுக்கும். பல்குச்சி மாட்டியிருந்தாலும் கை முழுசாகப் போய்விடும், ஸ்விட்சும் சரி என்று சொல்லிவிடும். டை பாரின் (இரண்டு பிளேடையும் இணைக்கும் குச்சி) அந்தப் பக்க நுனியில் வைத்தால்தான் பிளேடு வந்ததற்குச் சாட்சி. 9 மி.மீ. தண்டவாளத்தில் அதைப் பொருத்தும்போது வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

எங்கள் வீட்டுப் பேய் வேறு மாதிரி. டிகோடரை முகவரி 1-க்கு செட் பண்ணிவிட்டு வேறொரு கம்பெனி கன்ட்ரோலரில் 1-ஐ அழுத்தினால் பாயிண்ட் அசையாது, 5-ஐ அழுத்தினால் அசையும். ரூட் மொத்தமும் நாலு நாலாகத் தள்ளி வேறு பாயிண்ட்களை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆக்சசரி முகவரியை எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம், அதில் வரும் நாலுதான் இது. சில கமாண்ட் ஸ்டேஷனில் இதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது. பாயிண்ட்டை உடைப்பதற்கு முன் 4-ஐக் கூட்டியும் கழித்தும் பாருங்கள்.

இன்னொன்று, போர்டுக்கு அடியில் எறும்பு. மழைக்காலத்தில் மோட்டார் பெட்டிக்குள் கூடு கட்டிவிடும். அங்கிளின் பல்குச்சி வேலையை எங்கள் ஊரில் எறும்பே பார்த்துக்கொள்கிறது.

குளுவாங்கிலிருந்து:

லைவ் ஃப்ராக் பாயிண்ட் (தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் துண்டிலும் கரண்ட் ஓடுவது) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாயிண்ட் எதிர்ப் பக்கம் திரும்பியிருக்கும்போது வண்டி பின்னாலிருந்து ஏறினால் ஷார்ட், தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பூஸ்டர் கட் ஆகிவிடும். சரி, பாயிண்ட்டை மாற்றிவிடலாம் என்று பட்டனை அழுத்தினால் டிகோடருக்கும் அதே தண்டவாளத்திலிருந்துதான் கரண்ட், செத்துக் கிடக்கிறது. பாயிண்ட் மாறினால்தான் ஷார்ட் போகும், ஷார்ட் போனால்தான் பாயிண்ட் மாறும். போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஓட்டும்போதெல்லாம் அவர்கள் கூப்பிட்ட குரலுக்கு நான் ஓடிப் போய் இஞ்சினைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். இப்போது டிகோடர்களுக்குத் தனி ஒயர், தண்டவாளத்துக்குப் போகும் ஒயரில் மட்டும் சர்க்யூட் பிரேக்கர். தண்டவாளம் ட்ரிப் ஆனாலும் ரூட் வேலை செய்யும், ஷார்ட் தானாகத் தீர்ந்துவிடும். ரூட் எழுதுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய ஒயரிங் இது.

பகாவிலிருந்து:

குளுவாங் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. நானும் ஒயரைப் பிரித்தாகிவிட்டது.

அங்கிளின் அடுத்த கேள்வி லாக், அதாவது வண்டி இருக்கும்போது ரூட்டைப் பூட்டுவது. இரண்டாம் லைனுக்குள் வண்டி பாதி நுழைந்திருக்கும்போது யாராவது நாலாம் லைன் பட்டனை அழுத்தினால்? இரண்டாம் பாயிண்ட் வண்டிக்கு அடியிலேயே திரும்பும். அதற்கு யார்டு வாயைக் கரண்ட் பிரித்த தனி பிளாக்காக வெட்டி, கரண்டை உணரும் டிடெக்டர் வைத்து, வண்டி இருந்தால் ரூட் போகாதபடி செய்ய வேண்டும். இஞ்சின் கரண்ட் இழுப்பதால் டிடெக்டருக்குத் தெரியும், சரக்கு வேகன் இழுக்காது. அதுவும் கொஞ்சம் இழுக்கட்டும் என்று வேகன் அச்சுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், இத்தனூண்டு சாமான், கண் பூத்துப் போகிறது.

டை பாருக்கு ஏற்ற மிகச் சின்ன லீவர் வைத்த மைக்ரோஸ்விட்ச் ஆன்லைனில் வாங்கினால் பாதி சரியாகக் கிளிக் ஆவதில்லை. சிரம்பான் பக்கம் நேரில் பார்த்து வாங்கக்கூடிய கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், ஜங்ஷன் பக்கத்துப் பாயிண்ட்களுக்கு இன்னும் போட வேண்டியிருக்கிறது.