ஓமந்தூரார் டூம்: ஒரு தீராத பஞ்சாயத்து

கோட்டைவாசல்: முந்தாநாள் ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: தலைமைச் செயலகத்தை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஓமந்தூரார் தோட்டத்துக்கு மாற்றியதில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லையாம், கட்டடம் ஆஸ்பத்திரியாகிப் பயன்படுகிறதாம். படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங்கை அழைத்துத் திறந்தார்களே, அன்று உச்சியில் நின்ற டூம், அதாவது குவிமாடம், என்ன? சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட்! செட்டுக்குத் திறப்பு விழா நடத்திய ஒரே ஊர் நம்முடையதுதான்.

மவுண்ட்ரோடு மணி: "ஒருவர்" என்ன ஒருவர், எழுதியது நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? டூம் வேலை முடியவில்லை, தேதி குறித்தாயிற்று, தற்காலிகமாக ஒன்றை வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டால் வீடே பந்தல் என்பீர்களா? கோட்டை இடம் ராணுவத்துடையது. அங்கே புதிதாக ஒன்று கட்ட டெல்லியிடம் கையேந்த வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1640 வாக்கில் எழுப்பிய கோட்டையிலேயே காலம் தள்ள வேண்டுமா?

கோட்டைவாசல்: நான் டூமைக் கேட்டேன், நீங்கள் கம்பெனிக்காரனைக் காட்டுகிறீர்கள். தெர்மாகோல் டூமுக்குக் கோடிக்கணக்கில் செலவு. அதற்கு வாருங்கள்.

மவுண்ட்ரோடு மணி: தெர்மாகோல் என்று யார் சொன்னது? தொட்டுப் பார்த்தீர்களா?

ஓய்வு எஸ்.ஓ.: தம்பிகளா, இரண்டு பேரும் டிவியில் பார்த்தவர்கள். நான் செயலகத்துக்கு உள்ளேயே செக்ஷன் ஆபீசராக இருந்தவன். சிவப்பு நாடா கட்டிய கோப்புகளை மினி லாரியில் ஏற்றிப் புதுக் கட்டடத்தில் இறக்கினோம். 2010 மார்ச் 19 பட்ஜெட் அங்கேதான் வாசித்தார்கள். 2011 மே மாதம் ஆட்சி மாறியது, அதே கோப்புகளை மறுபடி ஏற்றிக் கோட்டையில் இறக்கினோம். சில கட்டுகளில் முதல் தடவை ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை, பிரிக்கவே இல்லை என்று அர்த்தம். செலவுக் கணக்கு கேட்கிறவர்கள் போன கூலி, வந்த கூலி இரண்டையும் சேருங்கள்.

மவுண்ட்ரோடு மணி: ஐயா, வந்த கூலி யார் கணக்கு? கட்டிய கட்டடத்தில் உட்காரமாட்டேன் என்றது யார்? 2011 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி என்று அறிவித்து, 2014 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். சட்டசபைக்கென்று கட்டியதை உடைத்து ஆபரேஷன் தியேட்டர் ஆக்கிய செலவை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

கோட்டைவாசல்: இப்போதுதானே ஆஸ்பத்திரியானதால் வீணில்லை என்றீர்கள்? அதற்குள் அதுவே வீண் செலவாகிவிட்டதா? நல்ல நாக்கு. டூம்?

அடையாறு அகிலா: இருவருக்கும் ஞாபகமறதி. 2003இல் ராணி மேரி கல்லூரியை எடுத்துக்கொண்டு அங்கே செயலகம் கட்டப் பார்த்தார்களே? அப்போது கோட்டை இடம் போதாது என்றவர்கள், 2011இல் கோட்டையே போதும் என்றார்கள். 1914இல் தொடங்கிய கல்லூரி, மாணவிகள் போராடியதால் பிழைத்தது. என் அக்கா அந்தப் போராட்டத்தில் இருந்தாள்.

கோட்டைவாசல்: அக்கா கதை எதற்கு? அது கைவிட்ட திட்டம், பைசா செலவில்லை. நாம் பேசுவது டூம்.

அடையாறு அகிலா: கதையா? வார்த்தையை அளந்து பேசுங்கள்.

உறையூர்க்காரன்: எம்ஜிஆர் நினைத்தபடி தலைநகரத்தைத் திருச்சிக்குக் கொண்டுவந்திருந்தால் இந்த வம்பே இல்லை. நடு மத்தி, காவிரித் தண்ணீர்.

மவுண்ட்ரோடு மணி: வந்துட்டார்யா. எந்தப் பேச்சானாலும் திருச்சி. போன மாதம் பிரியாணிச் சண்டையிலும் இவர்தான்.

உறையூர்க்காரன்: அதில் தோற்ற எரிச்சல் இன்னும் ஆறவில்லை போல.

ஓய்வு எஸ்.ஓ.: பிரியாணியை விடுங்கள். 1952இல் சட்டசபை கூடியதே அந்த அரசினர் தோட்டத்தில், அதாவது இதே ஓமந்தூரார் தோட்டத்தில்தான். அந்தக் கட்டடம்தான் பிறகு கலைவாணர் அரங்கம் ஆனது. அதை இடித்தார்கள், அங்கேயே புதிதாகக் கட்டினார்கள். 2020 செப்டம்பரில் கொரோனா வந்ததும் கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடமில்லை என்று சபை எங்கே கூடியது? கலைவாணர் அரங்கத்தில்! செயலகம் வேண்டாம் என்று விட்டுவந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. இதை ஒருவரும் பேசமாட்டீர்கள். ஏனென்றால் ஒருவருக்கு டூம், இன்னொருவருக்குப் பந்தல். 32 வருஷ சர்வீஸில் நான் பார்த்த குறிப்புரைகளில்கூட இவ்வளவு சுற்றல் கிடையாது. இன்னும் சொல்கிறேன்...

கோட்டைவாசல்: ஐயா, சர்வீஸ் வரலாறு பிறகு. உள்ளே இருந்தவர் நீங்கள். டூம் தெர்மாகோலா இல்லையா? ஒரே வார்த்தை.

ஓய்வு எஸ்.ஓ.: நான் கோப்பு இறக்கிக்கொண்டிருந்தேன், அண்ணாந்து பார்க்கவில்லை.

மவுண்ட்ரோடு மணி: அப்போ ஒட்டுப்பலகை. நான் சொல்லவில்லை?

கோட்டைவாசல்: எங்கே சொன்னீர்கள்? மேலே போய்ப் படியுங்கள். தெர்மாகோல்தான்.