நவம்பர் 1 அன்று அம்மாச்சி தணிந்த குரலில் சொன்ன பெயர்

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். இந்தப் பகுதியில் பெரிய திருநாள் என்றால் கோட்டாறு சவேரியார் திருவிழாதான். டிசம்பர் 3 அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு ஒரு மாதம் முன்னால் வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்குத் தேரும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால், பலருக்கு மனசு அங்கேயே போய்விடும். என் அம்மாச்சிக்கு மட்டும் நவம்பர் 1 தவறக்கூடாது.

"தேவசகாயம் பிள்ளைக்கு வேற நாள் ஏது மக்களே" என்பார்.

அவர் கதையை எங்களுக்குச் சொன்னதும் அம்மாச்சிதான். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டன் பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அரண்மனை உத்தியோகம். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவ வேதத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயர்தான் தமிழில் தேவசகாயம் ஆனது. அதன் பிறகு விலங்கு, அடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன அவமானம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். எருமையைச் சொல்லும் இடத்தில் அம்மாச்சி நிறுத்திவிடுவார், கொஞ்ச நேரம் பேச்சு வராது. சொந்த அண்ணனைக் கொண்டுபோன மாதிரி இருக்கும் அவர் முகம்.

கோட்டாறு கோயிலுக்குள் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது திருச்சபை இன்னும் அவரைப் புனிதர் என்று அறிவிக்கவில்லை. அவர் பெயரில் திருநாள் பூசை கிடையாது. பட்டியலில் ஏறியவர்கள், ஏறாதவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நவம்பர் 1. அன்றைய வாசகம் திருவெளிப்பாடு 7-ஆம் அதிகாரம், யாராலும் எண்ண முடியாத பெருந்திரளைப் பற்றியது. அதை வாசிக்கும்போது அம்மாச்சி என் தொடையில் லேசாகத் தட்டுவார். "அந்தக் கூட்டத்துல அவரு இல்லாமலா?"

காலையில் பூசை, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், அப்புறம் பஸ் ஏறிக் கோட்டாறு. அவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நிற்போம். திரும்பி வந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புல் பறித்து, தோவாளையிலிருந்து வாங்கிய கேந்தியும் வாடாமல்லியும் மறுநாளைக்கு நனைத்து வைப்போம். இரவு குடும்ப ஜெபத்தில் புனிதர்களின் மன்றாட்டுமாலை. பட்டியல் முடிந்ததும் அம்மாச்சி தன் பட்டியலைத் தொடங்குவார். ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார், ஐந்து பிள்ளைப்பேறும் பார்த்த மருத்துவச்சி என்று வரிசையாக வரும். கடைசியில் குரலைத் தணித்து, "தேவசகாயம் பிள்ளையே." நாங்களும் மெதுவாகவே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். திருச்சபை சொல்லும் முன்னால் நாம் சத்தமாகச் சொல்லப்படாது என்பது அவருடைய கணக்கு.

அம்மாச்சி 2011-இல் போய்விட்டார். மறு வருஷம் டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலிலேயே புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம், இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரில் முதல் ஆளாக. டிவி முன்னால் அம்மா அழுதுகொண்டே இருந்தார். ஜனவரி 14 இப்போது அவருடைய சொந்த நாள்.

இருந்தாலும் நவம்பர் 1 அன்று கோட்டாறு போவதை நாங்கள் விடவில்லை. போன வருஷம் அங்கே ஒரு வயதான அம்மா, நெற்றியில் திருநீறு, மெழுகுதிரி கொளுத்த முடியாமல் கை நடுங்க நின்றார். என் மகள் கொளுத்திக்கொடுத்தாள். வெளிநாட்டில் மீன்பிடிக்கப் போன பேரனை அங்கே சிறையில் வைத்திருக்கிறார்களாம். "விலங்கு போட்டவருக்குத்தான மக்களே விலங்கு வலி தெரியும்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நாங்களும் முழங்காலில் நின்றோம்.

அன்று இரவு மன்றாட்டுமாலையை அம்மா சொன்னார். அச்சடித்த பட்டியல் முடிந்து, உபதேசியார், மருத்துவச்சி எல்லாரும் வந்தார்கள். பிறகு அம்மாவின் குரல் தணிந்தது. "தேவசகாயம் பிள்ளையே."

"ஏன் அம்மாச்சி இவரை மட்டும் மெதுவாச் சொல்றீங்க?" என்று மகள் கேட்டாள். அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு தடவையும் அதே தணிந்த குரலில்தான் சொன்னார்.