பித்தானை அமுக்கினால் போதும்

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. போன மாதம் அவர் கராஜை ஒழித்துக் கொடுக்கப் போனேன். மேல்பரணில் ஒரு தகரப் பெட்டி. "அப்பாவோட மீன்பிடிப் பெட்டி, பார்த்து இறக்குப்பா" என்றார்.

மூடியைத் தூக்கினால் தட்டுகள் படிக்கட்டு மாதிரி விரிந்தன. ஈயக்குண்டுகள், சிவப்பு வெள்ளை மிதவைகள், அதே நிறத்தில் மீனை ஏமாற்றி இழுக்கும் 'டார்டெவில்' உலோகத் தகடுகள். பைக் என்ற மீனின் பற்கள் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டும் கம்பித் துண்டுகள் தனியே ஒரு டப்பாவில். அடித்தட்டில் ரப்பர் புழுக்கள் உருகி, தட்டின் பெயின்டையும் அரித்துக்கொண்டு ஒட்டிப் போயிருந்தன.

1950களில் கோடை வந்தால் காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே கிளம்புவார்களாம். மாநிலத்தின் இரண்டு பகுதிகளை இணைக்கும் மெக்கினா பாலம் 1957 நவம்பரில்தான் திறந்தது. அதற்கு முன் வடபகுதியான மேல் தீபகற்பம் போக, டிரெய்லரோடு படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். டிரெய்லருக்குள் ஐந்து பேர் படுக்கவே இடம் போதாது. தூண்டில் கம்புகளை இரண்டாகக் கழற்றிக் கட்டிலுக்கடியில் செருகுவார்கள். இரைக்கான சிறுமீன் வாளிக்குள் ஓட்டை போட்ட இன்னொரு வாளி இருக்கும். இறங்கியதும் அதை மட்டும் உருவி ஏரியில் தொங்கவிடுவது இவர் வேலை.

அப்பாவின் பழைய ரீலில், அதாவது கம்பில் மாட்டும் நூல் உருளையில், எறிந்தால் உருளை தறிகெட்டுச் சுழன்று நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். பாதிப் பொழுது அவருக்குச் சிக்கெடுப்பதிலேயே போகும். பிள்ளைகளுக்கு வெறும் மூங்கில் கம்புதான். நம் கண்மாய்க்கரைச் சிறுவர்களுக்கும் அதுதானே!

பிறகு வந்தது ஸெப்கோ 33 (Zebco) என்ற ரீல். எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரம் குறித்து வெடிக்கும் குண்டு செய்த 'ஜீரோ ஹவர் பாம் கம்பெனி' (Zero Hour Bomb Company) என்ற, அமெரிக்காவின் டல்சா நகர நிறுவனப் பெயரின் சுருக்கம்தான் அது. 1947இல் ஆர்.டி. ஹல் என்ற கடிகாரக்காரர் ஒரு யோசனையோடு அங்கே போனார்: உருளை சுழலவே வேண்டாம், அசையாத உருளையின் முனை வழியாக நரம்பு வழுக்கி ஓடட்டும். முதல் ரீல் 1949இல் வந்தது, 33 என்ற மாடல் 1954இல். கட்டைவிரலால் பித்தானை அமுக்கி, வீசும்போது விட்டால் போதும். ஏழு வயதுப் பிள்ளையும் எறியலாம். குடும்பமாக மீன் பிடிப்பது என்பதற்கே இந்தப் பித்தானால்தான் அர்த்தம் வந்தது என்பேன்.

"அது வந்த அன்னைக்குத்தான் அப்பாவும் என் பக்கத்துல உட்கார்ந்து மீன் பிடிச்சார்" என்றார் அந்த அம்மா.

அந்த ஸெப்கோ ரீல் இன்னும் சுற்றுகிறது. நரம்புதான் தொட்டாலே ஒடிகிறது. புது நரம்பு சுற்றித் தரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை ஏரிக்குப் போகிறோம்.