‘விளக்க நூற்பட்டியலா’, ‘சான்றடங்கலா’?

நண்பர்களுக்கு வணக்கம். ஒவ்வொரு நூலின் கீழும் சிறு குறிப்போடு வரும் பட்டியலை ஆங்கிலத்தில் annotated bibliography என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பங்கு.

கீழக்கரை முதல் தனுஷ்கோடி வரை கரையோர ஊர்களின் வரலாற்றுக்கு ஆதாரம் சேர்த்து வருகிறோம். முதலில் வெறும் பட்டியல்தான் போட்டோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பாதிப் பெயர்களை எதற்காகச் சேர்த்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. இப்போது ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி எழுதுகிறோம். இந்த மாதிரிப் பட்டியலுக்குத்தான் பெயர் வேண்டும்.

குழுவில் ஓர் அம்மா சொன்ன ‘விளக்க நூற்பட்டியல்’ நல்ல சொல்தான். ஆனால் சுவடி நூலகங்களில் ‘விளக்க அட்டவணை’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஏடு எத்தனை, தொடக்கம் எது, சிதைவு உண்டா என்று சுவடியை விவரிப்பது அது. நாம் எழுதுவது இந்தச் சான்றை எதற்கு நம்பலாம் என்பதை. அதற்கு உரைமரபிலேயே ‘குறிப்புரை’ இருக்கிறது. சொல்லுக்குச் சொல் போகாமல் வேண்டிய இடத்தை மட்டும் தொட்டுக்காட்டும் உரை. எங்கள் நோட்டிலிருந்து ஒன்று:

“ஜேம்ஸ் ஹார்னல், 1914. இந்தியச் சங்கு பற்றிய ஆங்கில நூல். சங்கு குளித்தல், வழிபாட்டில் சங்கு, வங்காளத்து வளையல் தொழில் மூன்றும் உண்டு. எழுதியவர் மீன்துறை அதிகாரி. தொழில் விவரத்துக்கு எடுக்கலாம்; சங்கெடுக்க மூழ்கியவர்கள் பட்ட பாட்டுக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.”

எனக்கு இடிப்பது ‘நூல்’ என்ற சொல். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுத்த செப்பேடு, கீழக்கரை வீடுகளில் இருக்கும் அரபுத்தமிழ்க் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துப்படி, பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடு, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர் சொன்ன பேச்சு, இவற்றில் எது நூல்? அதனால் ‘சான்று’ என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, பட்டியல் என்ற பொருளில் ‘அடைவு’ சேர்த்துச் சான்றடைவு எனலாமா? இலங்கை நண்பர்களுக்கு அடைவு என்றதும் நகையை அடைவு வைப்பதுதான், அதாவது அடகு வைப்பதுதான், நினைவுக்கு வரும். எதிர்க்கரையோடு பேசாமல் எங்கள் வரலாற்றை எழுத முடியாது. ஆகவே என் பரிந்துரை ‘சான்றடங்கல்’. கிராமக் கணக்கில் அடங்கல் வெறும் பட்டியல் அல்ல. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எழுதியிருக்கும். ‘ஆய்வடங்கல்’ என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே எழுதும் நான்கு வரிக்குக் குறிப்புரை, முழுத் தொகுப்புக்குச் சான்றடங்கல்.

அடங்கல் போன்ற வருவாய்த்துறைச் சொல் குழப்பும் என்று குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். நோட்டின் மேலட்டையில் இந்தப் பெயரை எழுதிக் கொண்டுபோனபோது, பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “எந்தப் பசலிக்கு?” என்று கேட்டார். பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு. அது சரியான கேள்வி. சான்று வெளிவந்த ஆண்டை மட்டும் போட்டிருந்தோம். நாங்கள் எப்போது பார்த்தோம் என்பது இல்லை. இப்போது ஒவ்வொரு குறிப்புரையின் அடியிலும் பார்த்த தேதியும் பார்த்தவர் பெயரும் எழுதுகிறோம்.